தினமும் காணாமல் போன டிரைவர்

"டிரைவர் மறுபடியும் ஓடிட்டான் அக்கா" என்றேன்.

அக்கா மருந்து அட்டவணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எப்போ?"

"நேத்து சாயங்காலத்துக்கும் இன்னிக்குக் காலைக்கும் நடுவுல. முந்தாநாள் ஓடின மாதிரியே."

"தடயம்?"

"ஒண்ணுமில்லை. அப்படி ஒருத்தன் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லைன்னு கம்ப்யூட்டர் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுது."

நீங்கள் பதற வேண்டாம். ஓடிப்போனது கார் ஓட்டுகிறவன் இல்லை, கேமரா டிரைவர். ஒரு கேமராவை வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினால் மட்டும் போதாது. கேமரா சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க நடுவில் ஒரு புரோகிராம் துபாஷி வேலை பார்க்க வேண்டும். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். புதன்கிழமை ஏற்றினேன், வியாழக்கிழமை காணோம். வியாழக்கிழமை ஏற்றினேன், இன்றைக்குக் காணோம். இரண்டு நாளும் ஏற்றி முடிப்பதற்குள் சாயங்காலமாகி, நோயாளி தூங்கிவிட்டார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி ஒன்று பத்து. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து இந்த வீட்டு நர்ஸைக் கைது செய்து கொண்டுபோவார். அதைத் தடுக்கக்கூடிய ஒரே மனிதர் எனக்கு மூன்றடி தள்ளிக் கட்டிலில் படுத்திருந்தார். அவரால் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல முடியாது.

முப்பது வருடம் காடுமேடெல்லாம் நடந்து நிலம் அளந்தவர். நரம்பு நோய் வந்து, இரண்டே வருடத்தில் கால், கை, நாக்கு என்று ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிற்று. மிச்சம் இருந்தது கருவிழி. அது மயிரிழை அளவு நகரும். அந்த மயிரிழையைப் பிடிக்கத்தான் கேமரா. அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று கேமரா கண்டுபிடிக்கும், திரையில் அந்த எழுத்து விழும். இந்தப் புரோகிராம் லினக்ஸில்தான் ஓடும் என்பதால், வீட்டில் இருந்த சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் லினக்ஸ் போட்ட இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைத்திருந்தான் மகன். பெட்டிக்குள் பெட்டி. உள்ளே இருப்பது நிஜமான கம்ப்யூட்டர் இல்லை, விர்ச்சுவல் மெஷின். ஆனால் தன்னை நிஜம் என்றே நினைத்துக்கொண்டு முழு ராங்கியோடு நடந்துகொள்ளும்.

போன வெள்ளிக்கிழமை இரவு இவருக்கு மூச்சு அடங்கப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தபோது, தூக்க மாத்திரை ஒன்றுக்கு நாலாக உள்ளே போயிருந்தது. மூக்குக்குழாய் வழியாக மருந்து கொடுப்பது நர்ஸ். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒன்று கரைத்து ஊற்றினேன், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன், அவ்வளவுதான் என்கிறாள் அவள். மருந்துப் புட்டியில் மூன்று குறைகிறது. போலீசுக்கு இந்தக் கணக்கு போதும்.

கண் சிமிட்டச் சொல்லிக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டோம். இன்ஸ்பெக்டரும் இருந்தார். "நர்ஸ் கொடுத்தாங்களா?" என்றார் அக்கா. சிமிட்டினார். "நர்ஸ் கொடுக்கலையா?" சிமிட்டினார். "நான் யானையா?" என்று நான் கேட்டேன். அதற்கும் சிமிட்டினார். இமைகள் அவர் பேச்சைக் கேட்பதில்லை, தம் போக்கில் அடித்துக்கொள்கின்றன. இன்ஸ்பெக்டர் என் உடம்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த ஒரு பதில்ல மட்டும் உண்மை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"டீ எடுத்துக்கோங்க தம்பி" என்று ஒரு குரல். வீட்டு அம்மா. கட்டிலில் இருப்பவரின் மனைவி, எங்கள் கட்சிக்காரரும் அவர்தான். இந்த வழக்கை எங்களிடம் கொடுத்தவரே அவர், அதுவும் இரண்டு முறை. திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து அழுதார்: "அந்தப் பொண்ணு இதைப் பண்ணியிருக்க மாட்டா. யார் பண்ணாங்கன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க." செவ்வாய்க்கிழமை போன் செய்து, முதலிலிருந்து முழுக் கதையையும் சொல்லி, இந்தக் கேஸை நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பதற்றம் வந்தால் மனிதர்கள் இப்படித்தான். என் மாமியார் கேஸ் அடுப்பை மூடினோமா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்ப்பார்.

டீயை வாங்கிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் மூன்றாவது டீ. வேண்டாம் என்றால் வருத்தப்படுவாரே என்று குடித்தேன். அக்கா அந்த டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய் சொல்பவர்களைப் பிடித்துவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். மனிதர்களின் முகத்தைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார். கம்ப்யூட்டருக்கு எந்தப் பக்கம் முகம் என்று தெரியாது. அதற்காக வைத்திருக்கும் ஆள் நான். முன்னாள் மெக்கானிக், இந்நாள் எடுபிடி.

அம்மா போனதும் குரலைத் தாழ்த்தினேன். "அக்கா, எனக்கு நர்ஸ் மேலதான் சந்தேகம். ரெண்டு நாளும் கடைசியா இந்த ரூமை விட்டுப் போனது அவங்கதான். பாஸ்வேர்டும் தெரியும். இவர் பேசினா மாட்டிப்போம்னு டிரைவரைத் தூக்கியிருக்காங்க."

"மகனுக்கும் பாஸ்வேர்டு தெரியுமே."

"அவர்தானே புதுக் கேமராவை வாங்கிட்டு வந்தவர்?"

பழைய கேமராவுக்கு எந்தப் பிரச்சினையும் இருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை, இவரை அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனபோது யார் கையோ பட்டு அது விழுந்து நொறுங்கியது. செவ்வாய்க்கிழமை மகன் புதிது வாங்கினான். வேறு மாடல், வேறு டிரைவர். என் தலைவலி அங்கே ஆரம்பித்தது.

அக்கா ஹாலுக்குப் போய் மகனைக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தான். மருந்துப் பெட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நர்ஸ் மேல உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்புறம் ஏன் இன்னும் வேலைக்கு வச்சிருக்கீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்பாவை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லைன்னா முதுகு புண்ணாயிடும். எனக்குத் தெரியலை. நான் தொட்டா அவருக்கு வலிக்குது. அவங்க தொட்டா வலிக்கலை."

சந்தேகப்படுகிற ஆளின் கையில்தான் அப்பாவைக் கொடுத்தாக வேண்டும். இதைக் கேட்டபிறகு எனக்கு அவனைக் கிண்டல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மணி ஒன்றரை. லினக்ஸில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நாம் அடிக்கிற கட்டளைகளையெல்லாம் வரிசையாக எழுதிவைத்துக்கொள்ளும். மேல் அம்புக்குறியைத் தட்டினால் கடைசியாக அடித்தது முதலில் வரும். நேற்று அடித்ததையே மறுபடி ஓட்டிவிடலாம் என்று தட்டினேன்.

வந்தது நான் அடித்தது இல்லை.

"அக்கா, இங்க பாருங்க. இது மகன் அடிச்சது. தேதி போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு. இந்த ஏற்பாட்டையெல்லாம் அவர் செஞ்சு முடிச்ச நாள். அதுக்கப்புறம் ஒரு வரி கிடையாது. நேத்து நான் ஒரே வார்த்தையைத் தப்பும் தவறுமா ஆறு தடவை அடிச்சேன். அந்த ஆறு தப்பும் இல்லை."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"உன் டிரைவரை ஒருத்தன் எடுக்கறான்னு வை. உன் தப்பை எதுக்குத் தம்பி எடுக்கணும்?"

"தெரியலையே."

"வீட்டுக்குத் திருடன் வந்தா நகை போகும். நீ தரையில சிந்தின டீக்கறையும் சேர்ந்து போயிருந்தா, வந்தது திருடன் இல்லை."

"பின்ன?"

"வீடு கூட்டறவங்க."

சொல்லிவிட்டு அக்கா மெதுவாகத் திரும்பி அறையின் மறுமூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நர்ஸ் மருந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததிலிருந்து இது இரண்டாவது தடவை. புட்டிகளை அளவு வாரியாக நிறுத்தி, ஒவ்வொன்றின் பெயரும் முன்பக்கம் தெரியும்படி திருப்பினாள். பிறகு துடைத்த துணியை நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். இன்னும் இரண்டரை மணி நேரத்தில் ஜெயிலுக்குப் போகப்போகிற பெண் செய்கிற வேலையா இது?

"சிஸ்டர்" என்றார் அக்கா. "சாயங்காலம் கம்ப்யூட்டரை மூடறது நீங்கதானே?"

"ஆமாம் மேடம். சார் சொல்லிக் கொடுத்திருக்காரு."

"எப்படி மூடுவீங்கன்னு எனக்குக் காட்டுங்களேன். நான் இதுல கைநாட்டு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மவுஸைப் பிடித்தாள். லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்த ஜன்னலின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. 'மெஷினை அணை' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி, ஒரு குட்டிக் கட்டத்தோடு இருந்தது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தது மாதிரி அந்தக் கட்டத்தில் டக்கென்று ஒரு டிக் போட்டாள்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். கட்டிலில் இருந்தவரின் இமைகள் படபடத்தன.

"என்ன சார்?"

"அந்த டிக்கைப் போடச் சொல்லி யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானாதான்." அவள் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ஆரம்பத்துல இருந்த மாதிரி ஆக்கணுமான்னு கேக்குது. டூட்டி முடிஞ்சு போறப்ப நாங்க எதையுமே ஆரம்பத்துல இருந்த மாதிரிதான் வச்சிட்டுப் போவோம். நேத்து பஞ்சு, நேத்து ட்யூப், எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. எங்களுக்கு முதல் வருஷம் சொல்லித் தர்றதே அதுதான். தப்பா?"

மகன் கதவருகே வந்து நின்றிருந்தான். "ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சேன்" என்றான். "ஏதாவது கெட்டுப்போனா பழைய நிலைக்குத் திரும்பலாமேன்னு, ஒரு பத்திரத்துக்கு. அந்தக் கட்டம் இருக்கறதையே நான் கவனிக்கலை."

விஷயம் இதுதான். தினமும் ஆறு மணிக்கு அந்த மெஷின் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு உள்ளே என்ன நடந்திருந்தாலும் நடக்காததாகிவிடும். என் டிரைவர், என் ஆறு தப்பு, எல்லாமே.

"உங்களைக் காப்பாத்தற சாட்சியை நீங்களே தினமும் கழுவிக் கவுத்து வச்சிருக்கீங்க சிஸ்டர்" என்றேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. சொன்ன உடனே வருந்தினேன், அது வேறு விஷயம்.

அவள் நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "அப்படின்னா அவர் எழுதினது?" என்றாள்.

"என்ன எழுதினது?"

"பழைய கேமரா இருந்தப்ப எழுதினாரே. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். தினம் மூணு மணி நேரம். கண்ணுல தண்ணி வழிய வழிய எழுதுவார், நான் துடைச்சு விடுவேன். அதெல்லாம்?"



"நீங்க படிக்கலையா?" என்று அக்கா கேட்டார்.

"படிக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தார். அப்பாவுக்குன்னு மிச்சம் இருக்கற ஒரே தனி ரூம் அதுதான், யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம்னு. நான் திரையைப் பார்க்காம அவர் கண்ணைத்தான் பார்த்துட்டு இருப்பேன்." அவள் மடித்த துணியைப் பிரித்து முகத்தில் பொத்திக்கொண்டாள். "அஞ்சு நாள் எழுதினார் மேடம். நான் அழிச்சுட்டேன்."

மகன் சுவரில் சாய்ந்துகொண்டான். "நான் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வருவேன். அப்பா தூங்கிடுவார். சனிக்கிழமை உட்கார்ந்து நிதானமா படிக்கலாம்னு இருந்தேன்" என்றான். அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்தது.

மணி இரண்டேகால். அழுவதற்கெல்லாம் நேரமில்லை.

டிரைவரை ஏற்றுவது கடையில் சட்டை வாங்குகிற மாதிரி இல்லை, தைக்க வேண்டும். லினக்ஸின் உள்மையத்துக்குக் கெர்னல் என்று பெயர். அதன் அளவுகளெல்லாம் ஹெடர் என்ற கோப்புகளில் இருக்கும். அந்த அளவைப் பார்த்து டிரைவரை அங்கேயே தைத்து மாட்ட வேண்டும். ஹெடரை இறக்கினேன். அந்த வீட்டு இன்டர்நெட் நத்தை வேகத்தில் வந்தது. தைக்கச் சொன்னேன். பத்து நிமிடம் எழுத்துகள் ஓடின. கடைசியில் ஒரு சிவப்பு வரி: இந்த அளவு இந்தக் கெர்னலுக்குரியது அல்ல.

அவசரத்தில் ஒரு எண் தள்ளி, புதிய கெர்னலின் ஹெடரை இறக்கியிருந்தேன். இருபத்தாறுக்குப் பதில் இருபத்தேழு. தலையில் அடித்துக்கொண்டேன்.

"இப்போ எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் அக்கா.

"அரை மணி நேரம். நெட் வந்தா."

"வரலைன்னா?"

"மறுபடியும் யானையான்னு கேட்க வேண்டியதுதான்."

அக்கா சிரிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் போய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகன் தன் செல்போன் இன்டர்நெட்டைக் கொடுத்தான். ஜன்னலோரம் கையைத் தூக்கிப் பிடித்தால்தான் சிக்னல் வந்தது. அவன் தூக்கிய கையை இறக்கவே இல்லை. நர்ஸ் கட்டிலருகே உட்கார்ந்து அவருடைய கண்ணோரத்தைத் துடைத்தாள். உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து தள்ளினாலும் இறக்கத்தைக் காட்டும் பச்சைக்கோடு திரையில் தன் வேகத்தில்தான் நகரும். நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்று பத்துக்கு டிரைவர் ஏறியது. ஆனாலும் கேமராவைக் காணோம். வெளிப் பெட்டி கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு உள் பெட்டிக்குக் கொடுக்க மாட்டேன் என்றது. வயரைப் பிடுங்கினேன். வெளிப் பெட்டியின் பட்டியலில் கேமராவை உள்ளே அனுப்பு என்று ஒரு குறி வைத்தேன். மறுபடி சொருகினேன். கேமராவின் தலையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அவருடைய கண் பெரிதாகத் தெரிந்தது.

நர்ஸ் சத்தம் போட்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து அம்மா எட்டிப் பார்த்தார். "எல்லாருக்கும் டீ போடட்டுமா?"

"வேண்டாம்மா" என்று அக்கா அவர் தோளைத் தொட்டார். "உங்க கல்யாண போட்டோ ஆல்பம் இருக்கா? எனக்கு அதைப் பார்க்கணும். எடுத்துட்டு வர்றீங்களா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. "மாடியில இருக்கு. இதோ" என்று போனார்.

நாலு மணிக்குக் கைது. இப்போது கல்யாண ஆல்பமா? நான் வாயைத் திறக்குமுன் அக்கா விரலைத் தூக்கி அடக்கினார். "ஒரு மணி நேரத்துல எவனாவது மூணாவது டம்ளர் டீ குடிச்சா, கொடுத்தவங்களைப் பத்தி யோசிக்கணும் தம்பி. நீ டீயைப் பத்தி மட்டும் யோசிச்சே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். அறைக்குள் வந்து, நர்ஸைப் பார்த்தார், திரையில் தெரிந்த கண்ணைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டார். "வேலை செய்யுதா?"

"செய்யுது. நாலு மணி வரைக்கும் எங்க நேரம்" என்றார் அக்கா. பிறகு கட்டிலின் பக்கம் குனிந்தார். "ஐயா, அவசரமில்லை. உங்களுக்கு எதை முதல்ல சொல்லணுமோ அதை எழுதுங்க."

திரையில் எழுத்துக் கட்டங்கள். ஒரு சிறு வட்டம் அவற்றின் மேல் தடுமாறி நகர்ந்தது. ஒரு எழுத்தில் நின்றது. விழுந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

*அஞ்சு நாள் எழுதினேன். ஏண்டா பதில் இல்லை.*

மகன் செல்போனைக் கீழே போட்டுவிட்டான்.

"அப்பா, எனக்கு வரலைப்பா. எதுவும் வந்து சேரலை. சத்தியமா." குழந்தை மாதிரி அழுதான். பெரிய பையன் இப்படி அழுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வட்டம் பிறகு மறுபடி கிளம்பியது.

*அம்மாவுக்கு மறதி. நடந்தது உடனே மறந்துடறா. டாக்டர்கிட்ட காட்டு. மாத்திரை அவ கைக்கு எட்டக் கூடாது. இதையேதான் அஞ்சு நாளும் எழுதினேன்.*

இரண்டு முறை எங்களை அமர்த்தியது ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று டீ ஞாபகம் வந்தது. நான் குடித்தது மூன்றாவது டீ. அவர் கொடுத்தது ஒவ்வொரு முறையும் முதல் டீ.

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது. "போன வெள்ளிக்கிழமை சிஸ்டர் போனப்புறம் உங்களுக்கு யார் மாத்திரை கொடுத்தாங்க?"

வட்டம் கிளம்பவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நர்ஸ் துடைத்தாள். மறுபடி வழிந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

*மூணு தடவை வந்தா. கரைச்சுக் குழாயில ஊத்தினா. ஐயோ மறந்தே போச்சுங்க, இப்பதான் ஞாபகம் வந்துதுன்னு தலையைத் தடவிக் கொடுத்தா. மூணு தடவையும் அதே மாதிரி. அதே சொல்.*

வட்டம் சற்றே ஓய்ந்தது.

*கத்த முடியலை.*

பிறகு, எல்லாவற்றையும்விட வேகமாக:

*அவகிட்ட சொல்லாதீங்க.*

நர்ஸ் குனிந்து அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுடைய கையில் விலங்கு விழப்போவதில்லை. ஆனால் நான் பார்த்தவரை அவள் முகத்தில் நிம்மதி இல்லை. அவள் டிக் போட்டு அழித்த எழுத்தில் ஒரு நாள் எழுத்தையாவது யாராவது படித்திருந்தால், இந்த மூன்று மாத்திரைகளும் உள்ளே போயிருக்காது. அதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த பேப்பரை விரித்தார். பேனாவைத் திறந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "நான் யார் பேரைம்மா எழுதறது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

அக்கா இருபது வருடம் பொய்யர்களைப் பிடித்தவர். இந்த வழக்கில் பொய் சொன்னவர் என்று ஒருவர்கூட இல்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம். அக்கா எழுந்து திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அம்மா வந்தார். கையில் ஒரு தலையணை உறை இருந்தது.

"எதுக்கு மாடிக்குப் போனேன்னே தெரியலை" என்று சிரித்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. "கண்டுபிடிச்சீங்களா? அந்தப் பொண்ணு இல்லைதானே?"

"இல்லைம்மா" என்றார் அக்கா. "அவங்க இல்லை."

"நான் சொன்னேன்ல!" அம்மா நர்ஸின் கன்னத்தைத் தொட்டார். "அப்போ யாரு?"

மகன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"ஐயாவுக்கு முதுகு அரிக்குதாம்மா" என்றார் அக்கா. "ரொம்ப நேரமா சொல்லிட்டு இருக்கார். எங்களுக்கு இடம் தெரியலை."

"அட, அதை முதல்ல சொல்லக் கூடாதா?" அம்மா தலையணை உறையைப் போட்டுவிட்டு ஓடினார். நர்ஸ் அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். அம்மா முதுகுப்புறம் கையை விட்டார். "இங்கயா? இங்கயாங்க? சொல்லுங்க." நான் திரையையும் கேமராவையும் அவர் முகம் இருந்த பக்கம் நகர்த்திப் பிடித்தேன். அம்மாவுக்கு முதுகு காட்டி நின்ற திரையில் எழுத்து விழுவது எனக்கு மட்டும் தெரிந்தது.

*இன்னும் கொஞ்சம் மேலே.*

"கொஞ்சம் மேலேங்கறார்மா" என்றேன்.

அம்மா மேலே சொறிந்தார். நாலைந்து நிமிடம் சொறிந்தார். பிறகு கையை எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டரை இப்போதுதான் முதலில் பார்ப்பது போலப் பதறினார்.

"வந்துட்டீங்களா சார்? என்ன ஆச்சு, கண்டுபிடிச்சீங்களா? அந்தப் பொண்ணு இல்லைதானே?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். எதுவும் எழுதாத பேப்பரை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இல்லைம்மா" என்றார், அப்போதுதான் தெரிந்துகொண்டவர் மாதிரி. "அவங்க இல்லை."

"நான் சொன்னேன்ல!" என்றார் அம்மா.